நிவாரண முகாமில் பெண்கள் பாதுகாப்பு: களத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ, முகாம் திறந்த சில நாளில் பொறுப்பாளர்கள் வாயிலிருந்து ஒரு பேச்சு வரும்: “இங்கே அந்த மாதிரிப் புகார் ஒன்றும் வரவில்லை.” அதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாத இடத்தில், சொன்னால் மறுநாள் முகாம் முழுக்கப் பரவிவிடும் என்ற பயம் உள்ள இடத்தில், புகார் வராது. வீடு போய், வருமானம் போய், தெரிந்த முகங்கள் சிதறி, காவல் நிலையமும் மருத்துவமனையும் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாலியல் வன்முறையும் குடும்ப வன்முறையும் கூடவே வரும். ஐ.நா.வும் சர்வதேச நிவாரண அமைப்புகளும் சேர்ந்து 2015இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஆதாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வன்முறை நடக்கிறது என்றே வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

எனவே இந்த வேலையில் முதல் பாதி, யாரும் வந்து சொல்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது: விளக்கு, தாழ்ப்பாள், வரிசை, பதிவேடு. அடுத்த பாதி, ஒருவர் வந்து சொல்லும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பது. இரண்டுக்கும் பட்டம் தேவையில்லை. கவனம் தேவை.

என்னென்னவற்றைக் கவனிக்க வேண்டும்

வன்முறை என்றதும் பலருக்கு இருட்டில் ஒளிந்திருக்கும் அந்நியன்தான் நினைவுக்கு வருகிறான். முகாம்களில் பெரும்பாலும் நடப்பது அதைவிட நெருக்கமான இடத்தில். கணவனின் அடி கூடுகிறது. நிவாரணத் தொகையை அவன் பிடுங்கிக்கொள்கிறான். உறவினர் ஒருவர் ஒரே தடுப்புக்குள் படுக்கிறார். பொருள் வழங்குபவர் கூடுதலாக ஒரு மூட்டை தருவதாகச் சொல்லி வேறொன்றைக் கேட்கிறார். ‘பெண்ணை இங்கே வைத்துக் காப்பாற்ற முடியாது’ என்று பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமிக்கு அவசரக் கல்யாணம் பேசுகிறார்கள். வேலை வாங்கித் தருகிறேன், படிக்க வைக்கிறேன் என்று ஒருவர் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பார்க்கிறார். இவை எல்லாமே உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

அதிக ஆபத்தில் இருப்பவர்கள்: வளரிளம் பெண்கள், தனியாக இருக்கும் பெண்கள், கணவனை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள், தனித்துவிடப்பட்ட குழந்தைகள், திருநர்கள். சிறுவர்களும் ஆண்களும்கூடப் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார்கள். அவர்கள் சொல்வது இன்னும் அரிது.

பேரிடருக்கு முன்பு: ஒரே ஒரு தாள்

உங்களிடம் இருக்க வேண்டிய முதல் கருவி ஒரு தாள். பாதிக்கப்பட்டவரை எங்கே அனுப்புவது என்று எழுதியிருக்கும் தாள். மருத்துவம், மனநல ஆதரவு, தங்குமிடம், காவல், சட்ட உதவி, குழந்தைகள் பாதுகாப்பு என ஆறு வரிகள். ஒவ்வொரு வரியிலும் பெயர், தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், போகும் வழி, செலவு உண்டா என்பது. இவற்றோடு நின்றுவிடாமல் இன்னும் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள்: பெண் மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார்? காவல்துறையில் புகார் கொடுக்காமல் வந்தாலும் சிகிச்சை தருவார்களா? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அவசரக் கருத்தடை மாத்திரையும் இப்போது கையிருப்பில் இருக்கின்றனவா?

பட்டியலில் எண் இருக்கும், எடுப்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்; வழக்கமாகச் சொதப்புவது இங்கேதான். ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவு பத்து மணிக்கு மேலும் அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்ணை அடித்துவிடுங்கள். பேரிடர் வந்த பிறகு, நிலைமை ஓரளவு அடங்கும்வரை, வாரம் ஒருமுறை எல்லா எண்களையும் சரிபார்க்க வேண்டும்; மருத்துவமனையே இடம் மாறியிருக்கலாம். செல்பேசிக் கோபுரங்கள் விழும் என்பதால் அச்சிட்ட பிரதி கையில் இருக்கட்டும்.

முகாமில் வேலை செய்யும் ஒவ்வொருவரும், சமையல்காரரும் வாகன ஓட்டியும் உட்பட, நடத்தை விதியில் கையெழுத்திட்ட பிறகே உள்ளே வர வேண்டும். அடையாள அட்டை எப்போதும் கழுத்தில் இருக்க வேண்டும். குழந்தையுடன் எந்தப் பணியாளரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது.

பதிவேடு

முகாமில் முதலில் திறக்கப்படுவது பதிவேடு. அதிலேயே பாதுகாப்பு தொடங்குகிறது. குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதி, மற்றவர்களை எண்ணிக்கையாகப் போட்டுவிடுவது வேகமான வழி. ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பெண்ணுக்கு உரிய அட்டையும் பொருளும் பணமும் கணவன் கையில்தான் போய்ச் சேரும். பிரிந்து வாழ்பவரும், இரண்டாம் மனைவியும் பட்டியலிலேயே வர மாட்டார்கள். வயது வந்த ஒவ்வொரு பெண்ணையும் அவர் பெயரிலேயே பதியுங்கள்.

அடுத்து ஒரு சூழ்நிலை வரும், கட்டாயம் வரும். பதிவு மேசைக்கு ஒருவர் வந்து, “என் மனைவி இங்கே இருக்கிறாளா?” என்று கேட்பார். குடும்பத்தைத் தேடி அலையும் மனிதராகவும் இருக்கலாம். அடிக்குப் பயந்து ஓடிவந்தவரைத் தேடிவந்தவராகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே எல்லாருக்கும் ஒரே பதில்: “யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. உங்கள் பெயரும் எண்ணும் கொடுங்கள். அவர் இங்கே இருந்தால் சேர்ப்பிக்கிறோம்.” பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். மனைவியைத் தேடிவரும் நல்லவருக்கு இதனால் சில நிமிடத் தாமதம்தான். தப்பி வந்த ஒரு பெண்ணுக்கோ அந்தச் சில நிமிடம் உயிர். பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஒரு குழந்தையைத் தேடி ‘மாமா’, ‘பெரியப்பா’ என்று யார் வந்தாலும் உடனே ஒப்படைக்கக் கூடாது. குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் உறவைச் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும். தொலைந்த குழந்தையின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு.

படுக்கும் இடம்

ஸ்பியர் என்ற மனிதநேய அளவுகோல் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது. சமையலும் குளியலும் இதில் சேராது. முதல் இரவில் கூடத்தில் அது கிடைக்காது. அப்போதும் தடுப்பாவது கட்டிவிட வேண்டும், நிற்கும் ஆள் உயரத்துக்கு மேல், ஒளி ஊடுருவாத துணியாலோ தார்ப்பாயாலோ.

தனியாக உள்ள பெண்களுக்கும் பெண்களே நடத்தும் குடும்பங்களுக்கும் அருகருகே இடம் கொடுப்பது நல்லது, அவர்கள் விரும்பினால். அந்த இடம் முகாமின் ஓரத்தில் இருக்கக் கூடாது. நடுவில், ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்தில் இருக்க வேண்டும். ‘தனிப்பெண்கள் பகுதி’ என்று பலகை மாட்டாதீர்கள். தீங்கு செய்ய வருபவருக்கு அது வழிகாட்டிப் பலகையாகிவிடும். திருநர்களை எங்கே படுக்க வைப்பது என்று உங்களுக்குள் விவாதிக்க வேண்டாம். எங்கே பாதுகாப்பாக உணர்கிறீர்கள் என்று அவர்களையே கேளுங்கள்.

கழிப்பறை, குளியலறை, வெளிச்சம்

ஒரு முகாம் பெண்களுக்குப் பாதுகாப்பானதா என்று ஐந்து நிமிடத்தில் அறிய வேண்டுமானால் கழிப்பறைக்குப் போங்கள். இரவில் போங்கள்.

அளவுகள் முதலில். தொடக்க நாள்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, கூடிய விரைவில் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. தங்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள். இவை ஸ்பியரின் 2018 பதிப்பில் உள்ளவை. ஆண், பெண் கழிப்பறைகளுக்கு ஒரே நுழைவு வைத்து உள்ளே பிரிப்பது இடத்தை மிச்சப்படுத்தும், பாதுகாப்பைக் கெடுக்கும். இரண்டையும் தள்ளித் தள்ளி, வேறுவேறு வழியில் அமையுங்கள்.

இனி எண்ணிக்கையில் வராத விஷயங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, பிடித்து நிற்க வேண்டும். ஒட்டுப்பலகைக் கதவில் சின்ன ஆணி அடித்து மாட்டிய கொக்கி சில நாளில் தளர்ந்து கையோடு வந்துவிடும். திருகாணி போட்டு, பின்னால் ஒரு மரச்சட்டம் வைத்து மாட்டுங்கள். உயரம் ஒரு சிறுமிக்கும் எட்ட வேண்டும். உள்ளே துணி மாட்ட ஒரு கொக்கி, மாதவிடாய்த் துணியையும் நாப்கினையும் போட மூடியுள்ள ஒரு வாளி. மாற்றுத்திறனாளிக்கு உதவியாளருடன் நுழையும் அகலமுள்ள கழிப்பறை ஒன்றாவது வேண்டும். கழன்ற தாழ்ப்பாளைப் பார்த்துச் சரிசெய்யும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், தினமும் பார்க்கச் சொல்லி.

தார்ப்பாய்க் குளியலறைக்குள் விளக்கு மாட்டுவது பலர் செய்யும் பிழை. பகலில் எதுவும் தெரியாத அதே தார்ப்பாய், இரவில் உள்ளே விளக்கு எரியும்போது திரைபோல் ஆகிவிடும். குளிப்பவரின் உருவம் அப்படியே நிழலாக வெளியே விழும். கட்டி முடித்த அன்று இரவே இருவர் போய்ச் சோதியுங்கள்: ஒருவர் உள்ளே நின்று கையை அசைக்கட்டும், மற்றவர் வெளியே சுற்றிவந்து பார்க்கட்டும். நிழல் தெரிந்தால் விளக்கை வெளியே நுழைவின் மேல் மாட்டுங்கள், அல்லது தடிமனான இரண்டாவது அடுக்குக் கட்டுங்கள்.

விளக்கு கழிப்பறையில் மட்டும் இருந்து வழி இருட்டாக இருந்தாலும் பயனில்லை. வழி முழுக்க வெளிச்சம் வேண்டும். இன்னொன்று: முகாமில் வெளிச்சம் உள்ள ஒரே இடம் கழிப்பறை வாசல் என்றால் ஆண்கள் அங்கேதான் கூடுவார்கள். பேச, சீட்டாட, செல்பேசிக்கு மின்னேற்ற. தப்பு எண்ணம் இல்லாதவர்களாகவே இருந்தாலும் அந்தக் கூட்டத்தைக் கடந்து போகப் பெண்கள் தயங்குவார்கள். மின்னேற்றும் வசதியையும் உட்காரும் இடத்தையும் வேறு பக்கம், இன்னும் நல்ல வெளிச்சத்தோடு அமைத்துக் கொடுத்தால் கூட்டம் தானாக இடம் மாறும்.

பெண்கள் மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் அது உங்களுக்கான எச்சரிக்கை. கழிப்பறைக்குப் போகப் பயந்துதான் அப்படிச் செய்வார்கள். ஒரே நேரத்தில் பலருக்குச் சிறுநீர்க் கடுப்பு என்று மருத்துவ முகாமில் சொன்னால், மருந்தோடு விட்டுவிடாமல் தாழ்ப்பாளையும் விளக்கையும் போய்ப் பாருங்கள்.

தண்ணீர், விறகு, பொருள் வழங்கல்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 500 மீட்டருக்குள், வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்காமல். இவற்றில் எது தவறினாலும் ஒரு சிறுமி இருட்டில் குடத்தோடு நடக்கிறாள் என்று பொருள். சமையலுக்கு எரிபொருள் தராவிட்டால் அவளே விறகு தேடியும் போவாள்.

பொருள் வழங்கலைப் பகலில் வைத்து, கடைசிப் பெண்ணும் பொழுது சாய்வதற்குள் இருப்பிடம் சேரும்படி முடியுங்கள். பெண்களுக்குத் தனி வரிசை, வழங்கும் இடத்தில் பெண்கள். மூட்டையின் எடையைக் கவனியுங்கள்: ஒரு பெண்ணால் தூக்க முடியாத மூட்டையைத் தூக்கிவர ‘உதவும்’ ஆள் பிறகு கூலியாக எதையாவது கேட்பார். யாருக்கு என்ன, எவ்வளவு என்று படத்துடன் பலகையில் எழுதி வையுங்கள். கீழே பெரிய எழுத்தில், ‘இவை இலவசம். இதற்காக யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். யாராவது கேட்டால் இந்த எண்ணில் சொல்லுங்கள்’ என்று இருக்கட்டும். தனக்கு எவ்வளவு உரிமை என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

பலகையில் அந்தக் கடைசி வரி ஏன் என்றால், 2002இல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் நிவாரணப் பொருளைக் காட்டிச் சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியதாக நிவாரணப் பணியாளர்கள்மீதே குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. அதைத் தொடர்ந்து 2003இல் ஐ.நா. பொதுச்செயலர் வெளியிட்ட விதிகள் இன்றும் அடிப்படை: உதவிக்குப் பதிலாகப் பாலுறவு கேட்பது தடை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருடன் பாலுறவு தடை, வயது தெரியாது என்பது சாக்கு ஆகாது, சக பணியாளர்மீது சந்தேகம் இருந்தால் தெரிவிப்பது கடமை. சந்தேகத்தைத் தெரிவித்தால் போதும். நீங்களே துப்பறியப் போகாதீர்கள். புகார்ப் பெட்டியை முகாம் பொறுப்பாளரின் அறை வாசலில் மாட்டாதீர்கள். அவர் மீதே புகார் என்றால் யார் போடுவார்கள்? சாவியும் அவரிடம் இருக்கக் கூடாது.

பெண்களுக்கான பையில் என்ன வைப்பது என்று முதலில் அவர்களையே கேளுங்கள். வழக்கமாக நாப்கின் அல்லது மாதவிடாய்த் துணி, உள்ளாடை பல அளவுகளில், சோப்பு, வாளி, டார்ச், மாற்று மின்கலம், விசில் ஆகியவை இருக்கும். விசில் சத்தம் கேட்டால் யார் ஓடிவருவது என்று முன்பே முடிவு செய்திருந்தால்தான் விசிலுக்குப் பயன். அந்தப் பொறுப்பைத் தங்கும் இடங்களின் ஒவ்வொரு வரிசையிலும் நான்கைந்து பேரிடம் கொடுத்து, ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள்.

வாரம் ஒருமுறை நடை

முகாமில் உள்ள பெண்கள் இருவர் மூவருடன் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் முகாமைச் சுற்றி நடங்கள். எரியாத விளக்கு, உடைந்த தாழ்ப்பாள், மது விற்கும் மூலை, வேலி இல்லாத பக்கம் எல்லாவற்றையும் குறியுங்கள். வளரிளம் பெண்களைத் தனியாக, எட்டுப் பத்துப் பேருக்கு மிகாமல் உட்கார வைத்துப் பேசுங்கள். அம்மாக்கள் முன்னால் பேச மாட்டார்கள். கேள்வி இப்படி இருக்கட்டும்: “இருட்டிய பிறகு பெண்கள் எந்தப் பக்கம் போவதில்லை?” “உனக்கு ஏதாவது நடந்ததா?” என்று யாரையும் கேட்கக் கூடாது. வீடுவீடாகப் போய்ப் பாதிக்கப்பட்டவரைத் தேடுவது அதைவிட மோசம். நீங்கள் போன பிறகு அடி விழுவது அவருக்கு.

நடையில் கண்டதை 48 மணி நேரத்தில் சரிசெய்து, சரிசெய்துவிட்டோம் என்று அதே பெண்களிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்லியும் விளக்கு எரியவில்லை என்றால் மூன்றாம் தடவை எதையுமே சொல்ல மாட்டார்கள்.

ஒருவர் வந்து சொல்லும்போது

உங்களிடம் ஒருவர் வந்து வாய் திறக்கிறார் என்றால் அதற்கு முன் பலமுறை யோசித்திருப்பார். அடுத்த பத்து நிமிடம் அவருடைய நாள்களையே மாற்றக்கூடும்.

முதலில் கேட்க வேண்டியது: “இப்போது இங்கே பாதுகாப்பாக இருக்கிறீர்களா?” அவரைத் தாக்கியவர் அருகில் இருந்தால் இடம் மாறுங்கள். மற்றவர் காதுக்கு எட்டாத இடம் வேண்டும், அதே சமயம் அவர் விரும்பினால் எழுந்து போகும் வழி திறந்திருக்க வேண்டும். கதவை அடைத்து வாசலை மறித்து உட்காராதீர்கள். தண்ணீர் கொடுங்கள். பெண் ஒருவரிடம் பேச விருப்பமா என்று கேளுங்கள். யாரையாவது கூட வைத்துக்கொள்ள விரும்புகிறாரா என்றும்.

அவர் கதையைத் தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு நடந்த வன்முறை போன்ற சிலவற்றைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. உங்கள் இடத்துச் சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, “நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னின்ன விஷயங்களை மட்டும் சட்டப்படி நான் தெரிவித்தாக வேண்டும்” என்று கூறுங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு இதைச் சொன்னால் அது துரோகமாகப்படும்.

பிறகு கேளுங்கள், கேட்டுக்கொண்டிருங்கள். சொல்லக்கூடிய வார்த்தைகள் கொஞ்சம்தான்:

“நீங்கள் சொல்வதை நம்புகிறேன்.”
“இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.”
“என்னிடம் சொன்னதற்கு நன்றி.”
“இப்போது உங்களுக்கு எது முதலில் வேண்டும்?”

சொல்லக் கூடாதவை: “அந்த நேரத்தில் ஏன் அங்கே போனீர்கள்?”, “சத்தம் போட்டிருக்கலாமே”, “நல்லா யோசித்துச் சொல்லுங்கள், அவர் அப்படிப்பட்டவர் இல்லையே”, “விடுங்கம்மா, எல்லாம் சரியாகிவிடும்.” யார், எப்போது, எப்படி என்று விவரம் தோண்ட வேண்டாம். விசாரணை உங்கள் வேலை இல்லை. ஒரே சம்பவத்தை ஐந்து பேரிடம் ஐந்து முறை சொல்ல வைப்பது ஐந்து முறை காயப்படுத்துவது.

அடுத்து அந்தத் தாள். என்னென்ன உதவி கிடைக்கும், எதைச் செய்தால் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள், சாதகமும் பாதகமும் சேர்த்து. முடிவு அவருடையது. காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்; இன்றைக்கு வேண்டாம் என்றவர் அடுத்த வாரம் வரலாம், நீங்கள் வற்புறுத்தாமல் இருந்திருந்தால். சம்மதித்தால் நீங்களே தொலைபேசியில் பேசி, ‘ஒருவர் வருகிறார்’ என்று தேவையான அளவு மட்டும் சொல்லி, கூடவே போங்கள் அல்லது நம்பகமானவரை அனுப்புங்கள். சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால் பாதிப்பேர் போய்ச் சேர மாட்டார்கள்.

குற்றம் செய்தவரை நீங்களே அழைத்துக் கேட்பது, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசித் தீர்ப்பது, ‘அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்’ என்பது — இந்த மூன்றில் எதற்கும் துணை போகாதீர்கள். கணவன் மனைவிக்கு நடுவே சமரசம் செய்வதும் அப்படித்தான். உங்கள் முன்னால் தலையாட்டுபவர் தடுப்புக்குள் போனதும் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியாது.

மணிக்கணக்கு முக்கியம்: 72, 120

பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவருக்குச் சில சிகிச்சைகளில் காலக்கெடு உண்டு. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வாந்தியும் சோர்வும் வந்து பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம், முகாம் மாறும்போது மாத்திரை தொலைவதும் உண்டு. அடுத்த தவணை எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே சொல்லி அனுப்பச் செய்யுங்கள்.

அவசரக் கருத்தடை 120 மணி நேரத்துக்குள், அதாவது ஐந்து நாளுக்குள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மாத்திரை, 1.5 மில்லிகிராம் ஒரே வேளை. நேரம் ஆக ஆகப் பலன் குறையும் என்பதால் ‘ஐந்து நாள் இருக்கிறதே’ என்று காத்திருக்கக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை 14 நாளுக்குள் தொடங்கலாம். காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி. பாலியல் தொற்றுகளுக்கு மருந்து. எல்லாவற்றுக்கும் முன்னால், நிற்காத இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, நினைவு தப்புதல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனை. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் கருத்தடை தவிர மற்றவை பொருந்தும்.

ஐந்து நாள் தாண்டிவிட்டதா? அப்போதும் போகச் சொல்லுங்கள். காயம், தொற்று, கர்ப்பப் பரிசோதனை, மன ஆறுதல் எதற்கும் காலம் கடந்துவிடவில்லை.

தடயத்தைப் பற்றி: புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால், பரிசோதனைக்கு முன் குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது என்று சொல்லலாம். மாற்றிய உடை இருந்தால் துவைக்காமல் காகிதப் பையில். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஆனால் ஏற்கெனவே குளித்துவிட்டவரிடம் “ஐயோ, குளித்துவிட்டீர்களா” என்று சொல்லிவிடாதீர்கள். சிகிச்சைக்கு அது தடையே இல்லை, வழக்குக்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பரிசோதனையின் எந்தக் கட்டத்திலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ‘கன்னித்தன்மைப் பரிசோதனை’ என்று யாராவது தொடங்கினால் மறுக்கலாம். அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 2018இல் அறிவித்துவிட்டன.

கணவனோடு அதே கூரையில்

குடும்ப வன்முறையில் பலருக்கும் அன்றைக்கே பிரிந்து போக வழி இருக்காது. ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள்: கழுத்தை நெரித்தானா, ஆயுதம் எடுத்தானா, கொன்றுவிடுவேன் என்கிறானா, கர்ப்பத்தில் அடிக்கிறானா, அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் பாதுகாப்பான வேறு இடத்தைப் பற்றி அன்றே பேசுங்கள். போக விரும்பாவிட்டால் ஒரு திட்டம் போட உதவுங்கள்: அடையாளச் சான்று, கொஞ்சம் பணம், பிள்ளைகளின் மருந்து ஆகியவை நம்பகமான ஒருவரிடம், பக்கத்துத் தடுப்புக்காரருடன் ஒரு குறிச்சொல், அதைச் சொன்னால் அவர் ஆள் கூட்டிவர வேண்டும்.

அச்சிட்ட துண்டறிக்கையை அவர் கையில் திணிக்காதீர்கள். கணவன் கண்ணில் பட்டால் அன்றிரவே விளைவு தெரியும். எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், அல்லது செல்பேசியில் வேறு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள்.

குழந்தை சொன்னால்

சத்தியம் செய்து ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் குழந்தையின் மொழியில், அவசரப்படாமல், ஒருமுறை மட்டும் கேளுங்கள். பெற்றோரை உடனே கூப்பிட்டுவிட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கலாம். யாரிடம் இருந்தால் பயமில்லை என்று குழந்தையே சொல்லும். பிறகு குழந்தைகள் பாதுகாப்புப் பொறுப்பாளர்.

எழுதுவதும் பகிர்வதும்

நல்ல மனதோடு செய்யும் சேதம் அதிகம் நடப்பது வாட்ஸாப் குழுவில். “மூன்றாம் வரிசையில் 17 வயதுப் பெண், அப்பா இல்லாதவள், உடனடி உதவி தேவை” என்று ஒரு செய்தி. பெயர் போடவில்லையே என்று எழுதியவர் நினைப்பார். முந்நூறு பேர் உள்ள முகாமில் மூன்றாம் வரிசையில் அப்பா இல்லாத 17 வயதுப் பெண் ஒருத்திதான் இருப்பாள். ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாக உதவும் பயிற்சி பெற்ற அமைப்பு மட்டும் விவரத்தை எழுதட்டும். அதிலும் பெயருக்குப் பதில் குறியீடு. சம்மதப் படிவமும் விவரப் படிவமும் வேறுவேறு பூட்டிய இடத்தில். வெளியேற வேண்டி வந்தால் எதை எடுத்துச் செல்வது, எதை அழிப்பது என்று முன்பே முடிவு. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ‘இந்த முகாமில் இரண்டு சம்பவம்’ என்று எழுதுவதுகூடச் சின்ன முகாமில் காட்டிக்கொடுப்பதாகும். பல முகாம்களைச் சேர்த்து எண்ணிக்கை கொடுங்கள். பத்திரிகையாளர் ‘முகத்தை மறைத்து’ பேட்டி கேட்டால், உங்களிடம் உதவி கேட்டு வந்தவரை அவரிடம் அறிமுகப்படுத்தாதீர்கள். குரலும் சேலையும் போதும், ஊர் அடையாளம் கண்டுகொள்ள.

முகாம் மூடும்போது

கூட்டம் குறையக் குறைய ஆபத்து குறையும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் நேர்மாறு. போக்கிடம் இருப்பவர்கள் முதலில் போய்விடுவார்கள். தனிப்பெண்களும், வீட்டுப் பத்திரம் தன் பெயரில் இல்லாதவர்களும், தப்பி வந்தவர்களும் கடைசியில் மிஞ்சுவார்கள். அதே நேரத்தில் தன்னார்வலர்களும் காவலும் விளக்குகளும் குறைக்கப்படும். மூடுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே மிஞ்சியவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எங்கே போகிறார், அங்கே யார் இருக்கிறார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இழப்பீடும் புதிய வீடும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும்படி மனு எழுத உதவுங்கள். 28 நாள் மருந்து பாதியில் இருப்பவருக்கு அவர் போகும் ஊரில் மீதி எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். கடைசிக் குடும்பம் கிளம்பும்வரை கழிப்பறை விளக்கைக் கழற்ற விடாதீர்கள்.